முன்கையில் மூன்று கோடு

போன் அலறியது.

தோல் ஆஸ்பத்திரியின் லேசர் அறையில் மெஷினைத் தயார் செய்துகொண்டிருந்த சிஸ்டர் பாய்ந்து எடுத்தாள்.

"சார்... தம்பிக்கு ஜாமீன்?"

"கிடைக்கலம்மா" என்றார் வக்கீல். "கொலைக் கேஸ் இல்லையா... மனசைத் தேத்திக்கோ. பத்து நிமிஷத்துல என் லேசர் சிட்டிங்குக்கு வந்துடறேன்."



மூன்று வாரத்துக்கு முன், கீழ்வீட்டுத் தையலம்மாவை யாரோ கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டார்கள். மாடியில் குடியிருந்த பாவத்துக்குத் தம்பி உள்ளே. பீஸே வேண்டாம் என்று வலிய வந்து கேஸை எடுத்தவர் இந்த வக்கீல். சோரியாசிஸ் சிகிச்சைக்கு வரும் அவளுடைய பழைய பேஷன்ட்.

வந்தார். சட்டையைக் கழற்றிப் படுத்தார். கறுப்புக் கண்ணாடியை அவளே மாட்டிவிட்டாள். அதைப் போட்டால் இம்மியும் தெரியாது.

"மூணு வாரமா வரலையே சார்?"

"எல்லாம் உன் தம்பி கேஸ்தான். ஒரே அலைச்சல்."

சிட்டிங்குக்கு முன்னால் போட்டோ எடுப்பது வழக்கம். செல்லை எடுத்துக் குனிந்தாள்.

இடது முன்கையில் புதிதாகச் சிவந்த செதில்... கோடு கோடாக.

சோரியாசிஸ் தோல் பொல்லாதது. கீறல் ஆறினாலும் அதே தடத்தில் செதிலாக முளைக்கும்.

ஒரு கோடு. ஒரு விரல் இடைவெளி. பிறகு இரண்டு கோடுகள்.

தையலம்மாவின் வலது கையில் நடுவிரல் கிடையாது. சிஸ்டர் போட்டிருந்த யூனிஃபார்மைத் தைத்ததே அந்தக் கைதான்.

சாவதற்கு முந்தின நாள் அந்தம்மா புலம்பியது காதில் ஒலித்தது. 'வீட்டுப் பத்திரத்தை வாங்கிட்டுப் போன வக்கீல் திருப்பித் தரவே மாட்டேங்கறான்மா...'

"இது என்ன சார், கையில?"

"பூனை பிராண்டிடுச்சு."

இரண்டு வரிச் செய்தியோடு படம், தம்பி கேஸை விசாரிக்கும் இன்ஸ்பெக்டருக்குப் பறந்தது. ஸ்டேஷன் எதிர்த் தெருவில்.

"சிஸ்டர்... மெஷின் சத்தத்தையே காணோமே?"

அவர் கை கண்ணாடியை நோக்கி எழுந்தது...

"தொடாதீங்க சார். கண்ணு போயிடும்."

மெஷினின் கால்மிதியை அழுத்தினாள். கட்... கட்... கட்... லேசர் வெறும் சுவரில் விழுந்தது. அந்தக் கைகள் எட்டும் தூரத்தில் அவள் கழுத்து இருந்தது.

"சூடே தெரியலையே..."

"புது இடம் சார். மெதுவாத்தான் போகணும்."

கதவு திறந்தது.

"முடிஞ்சுது. கழட்டிக்கலாம்."

கழற்றினார். எதிரே இன்ஸ்பெக்டர்.

"அந்தம்மா நகத்துல இருந்த தோல் இவங்க தம்பியோடது இல்லைன்னு இன்னிக்குத்தான் ரிப்போர்ட் வந்துச்சு, அதுக்கு ஜோடி தேடிக்கிட்டிருந்தோம், சார்."

வக்கீல் வெளிறிப்போனார். இருந்தும் விறைப்பாகச் சட்டையை எடுத்தார்.

"கோர்ட்ல பார்த்துக்கறேன். எனக்கு நானே வாதாடிக்குவேன்."

"வேண்டாம் சார்" என்றாள் சிஸ்டர், மெஷினை அணைத்தபடி. "அந்த வக்கீலை நம்பினா ஜாமீன்கூடக் கிடைக்காது."