பக்க அறையில் ஏழு அளவுகள்

காலை 11.10. உடலியங்கியல் பேராசிரியர் மேசை இழுப்பறையைத் திறந்தார். முத்திரை வைத்த உறை கிழிந்து கிடந்தது. உள்ளே இருந்த செமஸ்டர் வினாத்தாளைக் காணவில்லை.

பத்தரைக்கு அவர் மீட்டிங்குக்குப் போகும்போது உறை முழுசாக இருந்தது. அவர் அறைக்குப் போக ஆய்வுக்கூடம் வழியாக மட்டும்தான் முடியும். அங்கே இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இருபத்தோரு பேர் ஜோடி ஜோடியாக ரத்த அழுத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

11.20. பேராசிரியர் எல்லார் முன்னாலும் ஒருத்தியை நிறுத்தினார். வகுப்பில் அவளுக்கு நர்ஸக்கா என்று பெயர். எட்டு வருஷம் வார்டில் வேலை பார்த்துவிட்டு, முப்பத்தோரு வயதில் பட்டப்படிப்புக்கு வந்தவள். போன தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கினாள். அவள் செய்த குற்றம் உண்மையில் அது ஒன்றுதான்.

10.40க்குத் தண்ணீர் குடிக்கப் போனவள் பத்து நிமிஷம் கழித்தே திரும்பினாள் என்று அவளுடைய ஜோடிப்பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். தனியாக இருந்த இன்னொரு ஆள் ‘மெடல்’, போன வருஷத் தங்கப்பதக்கக்காரன். அவன் ஜோடி லீவு என்பதால் பக்க அறையில் தன் கையிலேயே அளந்ததாகச் சொன்னான். பத்தரை முதல் பதினொன்று வரை, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஏழு அளவுகள். அவற்றை அவன் எழுதிவைத்த தாள் சாட்சியாக இருந்தது.

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு வருஷம் தேர்வு எழுதாமல் இருந்தால் போலீஸ் வேண்டாம் என்றார் பேராசிரியர். அதோடு விட்டிருக்கலாம்.

“வார்டுல பெட்பான் தூக்கினவங்களுக்கு ஃபர்ஸ்ட் மார்க் எப்படி வந்துச்சுன்னு எனக்கு அப்பவே சந்தேகம்.”

நர்ஸக்காவுக்குக் காது வரை சுட்டது.

“எழுத மாட்டேன் சார். மெடல் அளவு எழுதின தாளைக் குடுங்க.”

117/73. 119/75. 121/77. 119/73. இப்படியே ஏழு வரி. இரண்டு முறை படித்தாள். பிறகு யாரையும் கேட்காமல் பக்க அறைக்கு நடந்தாள். வகுப்பே பின்னால் போனது.

ஒரு கட்டில், ஒரு முக்காலி, ஒரு பாதரசக் கருவி. எண் காட்டும் மின்கருவி எங்கே என்று லேப் அண்ணனை விசாரித்தாள். ரிப்பேருக்குப் போய் ஒரு மாசம் ஆகிறது என்றார்.

11.40. மெடலிடம் திரும்பினாள்.

“இதுலதான் எடுத்தியா?”

“ஆமா.”

“சத்தம் கேட்ட இடத்துல பாதரசம் எந்தக் கோட்டுல நின்னுச்சோ, அதையே எழுதினியா?”

“பின்ன? ஜோசியம் பார்த்தா எழுதுவேன்?”

“சார், கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாங்க. 117 எங்க இருக்குன்னு காட்டுங்க.”

பேராசிரியர் குனிந்தார். கோட்டுக்குக் கோடு இரண்டு இரண்டாகத்தான் ஏறியது. 116. அடுத்த கோடு 118. நிமிர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நடுவில் நின்றால் குத்துமதிப்பாக எழுதினேன் என்று மெடல் முனகினான்.

“ஒண்ணு ரெண்டுன்னா ஒத்துக்கறேன் தம்பி. பதினாலு நம்பரும் ஒத்தைப்படையா? வார்டுல ரவுண்டு போகாம உக்காந்த இடத்துலயே சார்ட் நிரப்புறவங்க இப்படித்தான் எழுதுவாங்க. 120/80ன்னு போட்டா பொய்னு தெரிஞ்சிடும்னு பயம். இந்தக் கருவியை நீ இன்னிக்குத் தொடவே இல்ல. அந்த அரை மணி நேரம் எங்க இருந்த?”

மெடல் தன் ரெக்கார்டு நோட்டின் அட்டைக்குள் விரலை விட்டு, நான்காக மடித்த வினாத்தாளை எடுத்து நீட்டினான். வாழ்க்கையில் முதன்முறையாக இரண்டாம் இடம் வந்ததை அவனால் தாங்க முடியவில்லை. பாவம்தான். அதற்காக இன்னொருத்தி தலையை உருட்டலாமா?

பேராசிரியர் தொண்டையைக் கனைத்தார். துறையின் மானம், நாலு சுவருக்குள் வைத்துக்கொள்வோம், உன் மதிப்பெண்ணை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தணிந்த குரலில் ஆரம்பித்தார்.

“எனக்கு மார்க் போட வேணாம் சார். புதுசா கேள்வி எடுங்க, கஷ்டமாவே எடுங்க, நான் எழுதறேன். ஆனா என்னைப் பத்திப் பேசினது எல்லார் முன்னாடியும். அது தப்புன்னும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.”

11.55. பேராசிரியர் தரையைப் பார்த்தபடி, “நான் சொன்னது தப்பு” என்றார்.

“பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல சார்,” என்றாள் நர்ஸக்கா.