வாத்து தெருவைப் பார்த்தது!

போன் அலறியது.

ரிமைண்டர் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய நுரை. திரையில் 'சுத்தக்கார அக்கா'.

காலையில் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தால் அது நல்ல சேதியாக இருந்ததே இல்லை. போன வாரம் மெத்தைக்கு அடியில் அழுகிய மீன். அதற்கு முன்னால், வெந்நீர்க் கெட்டிலுக்குள் ஒரு ஜோடி சாக்ஸ்... யாரோ வேக வைத்திருந்தார்கள்!

துப்பிவிட்டு எடுத்தாள்.

"இன்னைக்கு எதுக்குள்ள என்னத்தைப் போட்டுட்டுப் போயிருக்காங்க அக்கா?"

"போகலம்மா... அந்தப் பொண்ணு இங்கதான் இருக்கு. பாத்ரூம்ல..."

"குளிக்கிறாங்களா? நீங்க ஏன் உள்ள போனீங்க?"

"துண்டு குடுக்க வந்தேன். தட்டினேன், தட்டினேன், பதிலே இல்ல. கதவைத் தொறந்து பார்த்தா... கண்ணு தொறந்திருக்கு. இமைக்கவே மாட்டேங்குதும்மா!"

கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்தது.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அக்கா கூப்பிட்டது விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீட்டிலிருந்து. வரும் விருந்தாளிகளுக்கு முன்கூட்டியே தகவல் அனுப்புவது அவள் வேலை. விலாசம், வாசல் பூட்டின் கோட், வெந்நீர் சுவிட்ச், வைஃபை. அனுப்புவாள். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புவாள். அப்புறம் மறுபடி...

அதனால் ரிமைண்டர்!

ஆனால் ஒருவரும் படிப்பதில்லை. நீல டிக் விழும். 'தேங்க்ஸ்' என்று பதில் வரும். வந்து இறங்கியதும் வாசலில் நின்று போன் போடுவார்கள். "கோட் என்னங்க?" உள்ளே போனதும் இன்னொரு போன். "வைஃபை என்னங்க?"

வெறுத்துப்போய் ஒருநாள் அந்தத் தகவலின் நட்டநடுவில் ஒரு வரி சேர்த்தாள்.

'வந்து சேர்ந்ததும் முன் ஜன்னலில் உள்ள மரவாத்தைத் தெருப்பக்கம் திருப்பி வையுங்கள். திருப்பியிருந்தால் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம். இல்லையென்றால் போன் செய்வோம், நேரிலும் வந்து பார்ப்போம்.'

ஒருவர் திருப்ப வேண்டுமே! அந்த வாத்து அன்றிலிருந்து தெருவுக்குத் தன் பின்பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தது.

நேற்று வரைக்கும்!

நேற்று சாயங்காலம் மழையில் அந்த வழியாக வந்தபோது ரிமைண்டர் அப்படியே நின்றுவிட்டாள். ஜன்னலில் வாத்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. படித்திருக்கிறார்கள்! குடைக்குள் தனியாகச் சிரித்தாள். போன் கூடச் செய்யாமல் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினாள்.

இப்போது அந்த நிம்மதியைத் திட்டிக்கொண்டே வாயைக் கழுவிவிட்டு ஓடினாள்.

* * *

பாத்ரூமில் பினாயில் வாடை. அதையும் மீறி இன்னொரு வாடை.

தொட்டி விளிம்பில் ஈரமுடி ஒட்டியிருந்தது. அதன்மேல் ஒரு ஈ உட்கார்ந்து நிதானமாகக் கை தேய்த்துக்கொண்டிருந்தது. ரிமைண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதலாளி கூடத்தில் அங்குமிங்கும் நடந்தார்.

"போச்சு! ரிவ்யூல என்ன எழுதப் போறாங்களோ..."

"யாரு முதலாளி? பொணமா?" என்றாள் ரிமைண்டர்.

"வாயை மூடு!"

இன்ஸ்பெக்டர் பாத்ரூமிலிருந்து வெளியே வந்தார். வாயில் பல்குச்சி. அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் வைத்தார்.

"வழுக்கி விழுந்த மாதிரி படுக்க வச்சிருக்கான். ஆனா கழுத்துல விரல் தடம். வழுக்கினா மண்டைதான் உடையும், கழுத்துல விரல் பதியாது." அவர் பார்வை அவள்மேல் நின்றது. "பூட்டு உடையல. கோட் யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. அக்காவுக்கு. கெஸ்டுக்கு."

"முதலாளிக்கு?"

"அவருக்கு அவரோட பொண்ணு பிறந்தநாளே ஞாபகம் இருக்காது சார்."

"அக்கா நேத்து மத்தியானத்துலேருந்து இன்னைக்குக் காலை வரைக்கும் ஆஸ்பத்திரியில, மருமக பிரசவத்துக்கு. போன் போட்டு விசாரிச்சாச்சு. முதலாளி நேத்து முழுக்க வெளியூர்ல. மிச்சம் யாரு?"

"சார்..."

"நீதாம்மா!"

அந்தப் பெண்ணின் முகத்தைக் கூட அவள் நேற்று பார்க்கவில்லை. மத்தியானம் போனில் குரல் மட்டும்தான் கேட்டிருந்தாள். அதுவும் அரை நிமிடம்.

'வாசல்ல நிக்கறேங்க, போர்டுல இந்த நம்பர் இருந்துச்சு. மழை. மெசேஜ் எதுவும் வரல. கோட் என்ன?'

'அனுப்பிட்டேனே மேடம்... டிக் கூட விழுந்திருக்கே...'

'கோடை மட்டும் சொல்லுங்களேன், நனையறேன்!'

சொன்னாள். போன் துண்டானது. அவ்வளவுதான்.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

* * *

இறந்தவளின் கணவன் உள்ளே வந்தான். கசங்காத வெள்ளைச் சட்டை. சக்கரம் வைத்த பெட்டி. சிவந்த கண்கள். பாத்ரூம் வாசலில் மண்டியிட்டுக் கதறினான்.

"இன்னைக்கு வந்து சேர்ந்துக்கறேன்னு சொன்னேனே... ஒரு ராத்திரிதானே..."

ரிமைண்டர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிய கையில், வலது கட்டைவிரலுக்குக் குறுக்கே பழைய வெட்டுத்தழும்பு. ஒரே மூச்சில் குடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"நீதானா அந்த மெசேஜ் அனுப்பற பொண்ணு?"

"ஆமாங்க..."

"அனுப்பினியா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு!" இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான். "ஒரு வரி வரல சார்! நேத்து எனக்கு போன் பண்ணி அழுதா. மழையில வாசல்ல நின்னிருக்கா. எவனோ ஒரு பொறுக்கி பார்த்துட்டுப் பின்னாடியே உள்ள பூந்திருக்கான்!"

"புக்கிங் யார் போட்டது?"

"அவதான் சார். எனக்கு இந்த வீடு எந்தத் திசையில இருக்குன்னே தெரியாது. இப்பக்கூட நாலு தெரு சுத்தி, விசாரிச்சுதான் வந்தேன்."

முதலாளி பாய்ந்தார். "இவளாலதான் சார் எல்லாம்! எப்பப் பார்த்தாலும் அனுப்பிட்டேன் அனுப்பிட்டேன்னுவா!"

இன்ஸ்பெக்டர் பல்குச்சியைத் தரையில் துப்பினார். அக்கா துடைத்த தரை.

"கிளம்பும்மா. மிச்சத்தை ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

ரிமைண்டர் தன் பையை எடுக்க ஜன்னலோரம் போனாள்.

வாத்து.

தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் நகரவில்லை.

"என்னம்மா, பையை எடுக்க இவ்வளவு நேரமா?"

"சார்... இந்த வாத்தை யாரு திருப்பினது?"

"வாத்தா?" என்றார் முதலாளி. "நம்ம வீட்ல ஏது வாத்து?"

"அதான் முதலாளி நீங்க மெசேஜ் படிச்ச லட்சணம்!"

மளமளவென்று சொல்லி முடித்தாள். இன்ஸ்பெக்டர் முதல்முறையாக அவளை உட்காரச் சொன்னார்.

"அதனால என்ன? வந்த பொண்ணு திருப்பியிருக்கும்."

"அவங்களுக்கு எப்படி சார் தெரியும்? நான் போன்ல கோட் மட்டும்தான் சொன்னேன். மெசேஜ் ஒரு வரி கூட வரலன்னு இவரே சொல்றாரே!"

கணவன் காலித் தம்ளரைக் கீழே வைத்தான்.

"ஆனா யாரோ படிச்சிருக்காங்க. நீல டிக் விழுந்திருக்கு." அவள் போனைத் திறந்தாள். "சார்... புக்கிங்ல இருக்கற நம்பர் ஒண்ணு. அவங்க மழையில கூப்பிட்ட நம்பர் வேற ஒண்ணு. நான் ஒப்பிட்டே பார்க்கல. டிக் விழுந்தா கெஸ்ட் படிச்சாச்சுன்னு நெனச்சுட்டேன். என் புத்தி அவ்வளவுதான்!"

இன்ஸ்பெக்டர் மெல்ல எழுந்தார்.

"அப்ப அந்தப் பொண்ணு பேர்ல புக்கிங் போட்டவன் வேற ஒருத்தன். தகவல் அவனுக்குத்தான் போயிருக்கு. கோட் தெரிஞ்சவன். திருப்பி வச்சா யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்கன்னு தெரிஞ்சவன்..."

"என்ன சார் இது!" கணவன் சிரிக்க முயன்றான். "மரவாத்து சாட்சி சொல்லுதாக்கும்! பொம்மை அழகா இருக்கேன்னு அவளே திருப்பி வச்சிருப்பா!"

நியாயமான பேச்சுதான்.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் வாத்தைப் பிடித்துத் தூக்கினார். முதுகில் தூசி இல்லை. யாரோ அழுத்தித் துடைத்திருந்தார்கள். தலைகீழாகக் கவிழ்த்தார்.

"ச்சீ!"

வாலுக்கு அடியில், ரோஸ் நிறத்தில், பளபளவென்று ஒரு உருண்டை.

பபிள்கம்!

சுத்தக்கார அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ... நேத்து காலையில காலி பண்ணிப் போச்சே ஒரு குடும்பம், அதுல இருந்த வானரம் ஒட்டிட்டுப் போச்சு சார். ஆஸ்பத்திரிலேருந்து போன் வந்துச்சு. நாளைக்குச் சுரண்டிக்கலாம்னு விட்டுட்டேன்..."

"நீ சுரண்டாம விட்டதுக்கு உனக்கு மெடலே குடுக்கலாம்!" இன்ஸ்பெக்டர் வெளிச்சத்தில் பிடித்தார். "மேல எல்லாம் துடைச்சவன் அடியில பார்க்கல. கட்டைவிரல் அச்சு... குறுக்கே ஒரு கோடு!"

ரிமைண்டர் திரும்பினாள்.

கணவனின் வலது கட்டைவிரல் மெதுவாக உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டிருந்தது.

"கையைத் திறங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் இப்போது ரொம்ப மரியாதை.

அவன் ஓடினான்!

வாசல்படி வரைக்கும்தான். அங்கே அக்காவின் வாளி இருந்தது. சாக்கடைக் குழாயிலிருந்து அவள் பிடுங்கிப் போட்ட முடி, சோப்புக் கசடு, பெயர் தெரியாத ஏதோ ஒன்று... எல்லாம் ஊறிய தண்ணீர். கால் அதில் மாட்டியது. குப்புற விழுந்தான். வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமானது. மூக்கின்மேல் ஒரு கொத்து முடி.

கான்ஸ்டபிள் தயங்கினார். "சார்... இவரை எப்படி சார் தொடறது?"

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் தொடுய்யா!"

* * *

ஜீப்பில் ஏற்றுவதற்குள் எல்லாவற்றையும் கக்கிவிட்டான்.

அவனுக்கு இன்னொருத்தி இருந்தாள். மனைவி விவாகரத்து தர மறுத்தாள். 'சமாதானமாப் போயிடலாம், நீ முன்னால போ' என்று சொல்லி, அவள் பேரில் தன் நம்பரைக் கொடுத்து புக்கிங் போட்டு, விலாசம் மட்டும் தந்து அவளை அனுப்பியிருக்கிறான். சாயங்காலமே அவனும் அதே கோடைப் போட்டு உள்ளே வந்திருக்கிறான். தெரிந்த முகம் என்று அவளும் திரும்பிப் படுத்திருக்கிறாள். கழுத்தை நெரித்து, வழுக்கி விழுந்தது போலத் தொட்டியில் கிடத்தியிருக்கிறான்.

ரிமைண்டர் ஜன்னலோரம் நின்றாள். கொலை செய்ததைக் கூட மனம் எப்படியோ விழுங்கியது. அதற்கப்புறம் அவன் கை கழுவியிருக்கிறான். போனை எடுத்து, அவள் பார்த்துப் பார்த்து எழுதிய தகவலை வரி வரியாகப் படித்திருக்கிறான். சொன்னபடியே வாத்தைத் திருப்பி வைத்திருக்கிறான். அதைப் பார்த்துத்தான் அவள் மழையில் நின்று சிரித்திருக்கிறாள்!

ஓடிப்போய்ச் சமையலறைத் தொட்டியில் வாந்தி எடுத்தாள்.

முதலாளி பின்னாலேயே வந்தார்.

"தொட்டியை நீயே கழுவிடு. அடுத்த வாரம் வர்றவங்களுக்குத் தகவல் அனுப்பிட்டியா?"

"அனுப்பறேன் முதலாளி. அதுக்கு முன்னாடி இந்த கெஸ்டுக்கு இன்னொண்ணு பாக்கி இருக்கு."

"அவனுக்கா? அவனுக்கு இனிமே என்னடி?"

"இத்தனை வருஷத்துல என் மெசேஜை முழுசா படிச்ச ஒரே ஆளு. சும்மா விட முடியுமா?"

வாயைத் துடைத்துக்கொண்டு அதே புக்கிங் நம்பருக்குத் தட்டினாள்.

'அன்புள்ள விருந்தினரே, அடுத்து நீங்கள் தங்கப்போகும் இடத்துக்கான வருகைத் தகவல்: கோட் எதுவும் தேவையில்லை. பூட்டு வெளிப்பக்கம் இருக்கிறது!'