சேமக்காலை வெளிச்சம்

பென்ஜமின் மறுபடியும் திருகாணியைத் தளர்த்தினான். துவக்கின்மேல் நேராகப் பூட்டிய தொலைநோக்கி, அவன் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் இடப்பக்கம் விலகியிருந்தது.

"ஆர் இதில கை வைச்சது?"

"எனக்கு வேற வேலையில்லையே," என்றாள் இமெல்டா.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பிடுகிற மேசையில் துவக்கு. அந்த எண்ணெய் நாற்றம் மீன்குழம்பையும் தாண்டித் தொண்டையில் இறங்கியது. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த சனம் அவர்கள். இந்த மனுசன் என்னடாவென்றால் வேட்டை அனுமதிப் பரீட்சை எழுதிப் பாஸாகி, செத்துப்போன தமையனின் துவக்கைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். அந்தத் தமையன் அருட்பிரகாசம் இருந்தவரை அதை ஒருவரையும் தொட விட்டதில்லை. அவர் வைத்த குறி தப்பியதுமில்லை. அவர் பார்த்துப் பழகிய தொலைநோக்கியைக் கழற்றிப் பெட்டியில் எறிந்துவிட்டு, இவன் புதிது பூட்டுகிறான்.

ஜன்னலோரத்து அந்த மேசையில் துவக்கு இரண்டு மணல்பைகளில் படுத்துக் கிடந்தது. பின்பக்கப் பூட்டைக் கழற்றிய வெறுங்குழலுக்குள்ளால் தூரத்தில் ஒரு புள்ளியைப் பிடிப்பான். பிறகு தொலைநோக்கியின் குறுக்குக்கோடும் அதே புள்ளியில் விழும்வரை திருகுவான். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

"எதைப் பாத்துப் பிடிக்கிறியள்?"

"அந்தச் சிவப்பு வெளிச்சம்."

வயலுக்கு அப்பால் சேமக்காலை, ஊரின் இடுகாடு. இன்றைக்கு ஆன்மாக்களின் நாள், செத்தவர்களின் கல்லறையில் விளக்கேற்றும் நாள். ஹாலே நகரைச் சுற்றியுள்ள இந்த ஊர்களில் கத்தோலிக்கர் குறைவு, அங்கே எரிவது ஒரேயொரு விளக்குத்தான். அருட்பிரகாசத்தின் கல்லறையில் மத்தியானம் அவளே முழந்தாளிட்டு ஏற்றியது.

"விசரே உங்களுக்கு? சொந்தத் தமையன்ர விளக்குக்கு நேரே துவக்கு நீட்டுறியள்."

"வெறுந்துவக்கப்பா. இருட்டில வேற என்ன தெரியுது? இஞ்ச பாரும், திரும்பவும் விலகிட்டுது."

அவனைத் தள்ளிவிட்டு அவள் குனிந்தாள். குழலுக்குள் கண்ணை வைத்தாள். உள்ளிருந்து குளிர்காற்று வந்தது, கிண்டிய ஈரமண்ணின் வாசனையோடு. விளக்கு இல்லை. நிமிர்ந்து வெறுங்கண்ணால் தேடினாள். சேமக்காலை மதிலுக்கு இப்பால், உழுத வயலில், ஒரு ஆளின் நெஞ்சுயரத்தில் அந்தச் சிவப்பு நின்றது. தொலைநோக்கி அசையவேயில்லை. விளக்குத்தான் அசைந்திருந்தது.

"ஆரோ எடுத்துக்கொண்டு போறாங்கள்," என்றான் பென்ஜமின்.

வெளிச்சம் வயலைக் குறுக்கறுத்துப் போனது. ஆட்டமில்லை. அவசரமுமில்லை. அது பஸ் தரிப்பிடத்துப் பக்கம் போகிறதென்று கண்டதும் இமெல்டா மணிக்கூட்டைப் பார்த்தாள். மகள் யூலியா பள்ளிக்கூடம் விட்டு வருகிற பஸ் அதில்தான் நிற்கும்.

பஸ் வந்தது. நின்றது. போனது. வயல்பாதையில் மகள் தனியே நடந்தாள், தோளில் பை. சிவப்பு அவளுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டது.

இமெல்டா போன் அடித்தாள். யூலியா எடுக்கவில்லை. திரும்பியபோது பென்ஜமின் துவக்கின் பூட்டைத் திரும்பப் போட்டுத் தோட்டாவைக் கையில் எடுத்திருந்தான்.

"விலகும் இமெல்டா. நான் சுடப்போறன்."

"குறி இன்னும் சரிவரேல்லை. பிள்ளையில படும். நீங்கள் எல்லாத்தையும் குழப்பிப்போட்டு இப்ப சுடப்போறியளோ?"

அவள் துவக்கைக் கட்டிப்பிடித்தாள். தொலைநோக்கிக்குள் கண் போனது.

யூலியா நின்றுவிட்டாள்.

பக்கத்தில் எவருமில்லை. சிவப்பு மட்டும் இருட்டில் அவளைக் காட்டிக்கொண்டு நின்றது.

மகள் ஜன்னலை நோக்கித் திரும்பினாள். பை விழுந்தது. ஆயுதம் என்று ஒரு விளையாட்டுத் துவக்கைக்கூடத் தொட்டறியாத பிள்ளை, இடக்கையை முன்னே நீட்டினாள். வலக்கையை மடித்தாள். கன்னத்தைச் சரித்து, ஒரு கண்ணை மூடினாள். அருட்பிரகாசம் குறி வைக்கிற மாதிரியே.

"யூலியா," என்றான் பென்ஜமின், இமெல்டாவின் காதோரம்.

இமெல்டா திரும்பிப் பார்த்தாள். அவனுடைய நெற்றியில் ஒரு சிவப்பு வெளிச்சம் விழுந்திருந்தது. ஆடாமல்.

மறுபடி தொலைநோக்கிக்குள் பார்த்தாள்.

வெறுங்காற்றில் மகளின் சுட்டுவிரல் மெல்ல வளைந்துகொண்டிருந்தது.