இரவல் குரல்

விடுப்பில் வந்த சிப்பாய் தன் வீட்டுக் கதவைத் தட்டியபோது சாயங்கால வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. உள்ளே வெங்காயம் வதங்கும் வாசனை. அவன் முகத்திலும் கைகளிலும் கட்டு. குண்டுப் புகை தொண்டையைப் பொசுக்கியதில் குரல் போய், பேசினால் காற்றுக் கிசுகிசுப்புதான் வந்தது.

கதவு ஒரு சாண் திறந்தது. சங்கிலியை அவன் மனைவி கழற்றவில்லை.

"யாருங்க?"

"நான்தான்டி. உன் புருஷன். பாதி மூஞ்சி போச்சு, மீதிய நல்லா பாத்துக்க."

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த போனை நெஞ்சோடு அணைத்தாள்.

"அவர் லைன்ல இருக்காரு."

யார் பேசுவது என்று சிப்பாய்க்குச் சட்டென்று பிடிபட்டது.

கிளி!

பதுங்குகுழியில் போன் கிடையாது. பின்னால் முகாமில் தகவல் அனுப்பும் சிக்னல்காரன்தான் ஞாயிறுதோறும் எல்லார் வீட்டுக்கும் பேசுவான், அவரவர் குரலில். அச்சு அசலாக இருக்கும். அதனால்தான் கிளி என்று பெயர். வீட்டில் யாரும் பயப்படக் கூடாதென்று எல்லாரும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. பெண்டாட்டியைக் கொஞ்சும் பெயர் முதல் மாமனாரின் மூட்டுவலி வரை அவனிடம் ஒப்பித்தார்கள். மேலதிகாரி சோறு போட்டாலே மோந்து பார்க்கிற இந்தச் சிப்பாயும் ஒன்று விடாமல் சொல்லிக் கொடுத்தான்.

அந்தக் கிளி போன மாதம் செத்துப்போனான். ஷூவுக்கு நாடா இல்லாமல் சிவப்பு வயரைக் கட்டியிருந்தான். அந்த ஷூவோடு குழியில் வைத்து, இவன்தான் மண்ணைத் தள்ளி மூடினான். அடுத்த நாள் விழுந்த குண்டில்தான் இவன் குரல் போனது.

"வாத்து," என்றான். "அப்படித்தானே உன்னைக் கூப்பிடுவேன்? நீ முதல்ல வச்ச குழம்பை ஜன்னல் வழியா கொட்டினேன். நினைப்பிருக்கா?"

அவள் கண் கலங்கியது. சங்கிலி மேல் விரல் போனது.

போன் பேசியது.

அவனுடைய குரல். போருக்குப் போகுமுன் இருந்த, கரகரப்பில்லாத குரல்.

"குழம்புக் கதை சொல்றானா? குழியில நான்தான் உளறினேன் வாத்து. அவன் என்கூட இருந்தவன். கிளின்னு பேரு. நம்பாத."

"டேய் பாவி!" என்று சீறினான் சிப்பாய். காற்றுதான் வந்தது. விடுப்புச் சீட்டை எடுத்து இடுக்கு வழியாக நீட்டினான்.

"சீட்டு காட்டுவான்," என்றது குரல், நிதானமாக. "என் பையிலேர்ந்து திருடினது."

அவள் விரல் சங்கிலியை விட்டது.

"அவன் செத்துட்டான்டி. நான்தான் புதைச்சேன். என் கண்ணைப் பாரு. ஒரு கண்ணுதான், அதையாவது பாரு."

அவள் பார்த்தாள். இத்தனை மாதமும் அந்தக் குரலோடு குடும்பம் நடத்தியவள். இந்தக் கண் அவளுக்கு அந்நியமாகிவிட்டிருந்தது.

"போயிடுங்க," என்றாள். "அவர் திட்டுவாரு."

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

தான் கட்டிய வீட்டு வாசலில் குப்புறப் படுத்தான் சிப்பாய். கதவுக்கடியில் விரற்கடை இடைவெளி. மழைக்காலத்துக்குள் அடைக்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போன இடைவெளி. கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தான்.

அவளுடைய வெறுங்கால்கள் கதவுக்கு அப்பால் தெரிந்தன.

"போயிட்டான் வாத்து," என்றது அவன் குரல். இப்போது போனிலிருந்து வரவில்லை.

வெறுங்கால்களுக்குப் பக்கத்தில் ஷூக்கள் இரண்டு வந்து நின்றன. ஈரமண் அப்பியவை. சிவப்பு வயர் கட்டியவை.