பழம் மிதித்தவர்கள்

சமையலறை மூலையில் இருந்த பீப்பாவில் ஒரு குமிழி மெல்ல எழுந்து 'ப்ளுக்' என்று உடைந்தது; அதே கணத்தில், முன்னறைச் சோபாவில் உறங்கிக்கொண்டிருந்த இம்மாகுலேற் மூச்சை வெளியே விட்டாள். அலெக்சிஸ் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை, வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான். அடுத்த குமிழி உடைந்தபோதும் அவளுடைய மூச்சு வந்தது. அதற்கடுத்ததற்கும் வந்தது. கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு இரண்டு அறைகளுக்கும் நடுவே வாசலில் போய் நின்றான். ஒரு பக்கம் பீப்பா, மறுபக்கம் மனைவி. இரண்டு பக்கமும் ஒரே சத்தம்தான் வந்துகொண்டிருந்தது.

வைன் போடுகிற யோசனை யேசுரட்ணம் அண்ணையுடையது. நகருக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் அவர் புதிதாக வாங்கிய வீட்டின் பின்வளவில், யார் நட்டதென்று தெரியாத பழைய திராட்சைக் கொடி ஒன்று வேலி முழுக்கப் படர்ந்து, இலைகள் சிவந்து, கறுத்த குலைகளோடு தொங்கியது. செப்ரெம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் அங்கே கூடிப் பழம் ஆய்ந்தார்கள். பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் குலைகளைக் கொட்டி, அண்ணையும், கூசேன்வில்லில் இருந்து வந்திருந்த கூட்டாளி றெமிஜியஸும் காற்சட்டையை மடித்துவிட்டு இறங்கி மிதித்தார்கள். இம்மாகுலேற்றும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். பழம் காலுக்கு இளஞ்சூடாக இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். வெயில் இல்லாத நாள் அது.

அலெக்சிஸ் மட்டும் இறங்கவில்லை. வேலை செய்யும் ரெஸ்ரோறண்டில் கொதி எண்ணெய் பட்டு அவன் பாதத்தில் கட்டுப் போட்டிருந்தது. மருத்துவ லீவில் வீட்டில் இருப்பவன் அவன்தான் என்பதால், சாறும் தோலும் நிறைந்த பிளாஸ்டிக் பீப்பாவை ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் அவன் வீட்டு மூன்றாம் மாடிக்கு மூச்சிரைக்கச் சுமந்துவந்து வைத்துவிட்டுப் போனார்கள். மூடியில் ஒரு வளைகுழாய் செருகியிருந்தது. அதற்குள் கொஞ்சம் தண்ணீர். பழம் புளிக்கப் புளிக்க உள்ளே சேரும் வாயு அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு குமிழியாக வெளியேறும். வெளிக்காற்று உள்ளே போகாது. அவ்வளவுதான் அதன் வேலை.

தற்செயல் என்று அன்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் அதன் பிறகு அவனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. அதிகாலையில் அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போய் மதியம் திரும்புகிறவள் அவள். படியேறி வந்து, சப்பாத்தைக் கழற்றி, தேத்தண்ணி குடித்து, சோபாவில் சரிந்து உறங்கும் வரை அவள் மூச்சையே கவனித்தான். கீழே தெருவில் வண்டிகளின் இரைச்சல், வடக்குப் பக்கமாக ரயில் போகும் அதிர்வு, மேல்வீட்டுக் குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம், இவை எல்லாவற்றுக்கும் அடியில் பீப்பாவும் அவளும் ஒன்றாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள். தோல்களைக் கிளறிவிட மூடியைத் திறந்தால், ஆரம்ப நாட்களில் அடித்த, பாண் மா புளித்த வாசம் போய், ஜன்னல் பூட்டிய அறையில் நெடுநேரம் உறங்கியவர்களின் வாய்வாசம் எழுந்தது. கையை வைத்தான். மேலே மிதந்த தோல்களில் உடம்பின் சூடு இருந்தது.

விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலையின் இடைவேளையில் றெமிஜியஸ் அழைத்தான். கொஞ்ச நேரம் வேலைக் கதை கதைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மச்சான், எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. மூச்சை நான் விடுறமாதிரி இல்லை. ஆரோ விடுறமாதிரிக் கிடக்கு."

அலெக்சிஸ் பீப்பாவுக்குப் பக்கத்தில்தான் நின்றான். எதற்காகச் செய்தான் என்று அவனுக்கே தெரியவில்லை; பெருவிரலை எடுத்து வளைகுழாயின் வாயில் வைத்து அழுத்தினான். றெமிஜியஸின் குரல் சொல்லின் நடுவில் நின்றது. தொலைபேசிக்குள் தள்ளுவண்டிகளின் சத்தம் மட்டும் கேட்டது. முன்னறையிலும் ஒன்றுமில்லை. எட்டிப் பார்த்தபோது இம்மாகுலேற் கண்ணைத் திறந்திருந்தாள், வாயும் திறந்திருந்தது. அவள் கை சோபாவின் விளிம்பைப் பிறாண்டியது.

விரலை எடுத்தான். குமிழி உடைந்தது. இரண்டு பேருடைய மூச்சும் ஒன்றாகக் கொட்டியது.

"என்ன செய்தனீ?" என்றான் றெமிஜியஸ், இளைத்தபடி.

அலெக்சிஸ் சொன்னான். எல்லாவற்றையும் வெளியே ஊற்றிவிட்டால் என்ன என்று றெமிஜியஸ்தான் கேட்டான். பிறகு அவனே, ஊற்றினால் குமிழி எங்கேயிருந்து வரும் என்றும் கேட்டான்.

யேசுரட்ணம் அண்ணை நம்பவில்லை. வயது போகிறது, படியேறினால் இளைக்கத்தான் செய்யும் என்று சிரித்தார். மருத்துவர் இம்மாகுலேற்றின் விரலில் கருவியை மாட்டிப் பார்த்து, பிராணவாயு சரியாக இருக்கிறது, மூச்சு மட்டும் கொஞ்சம் நிதானம், யோகா செய்கிறீர்களா என்று கேட்டார். டிசெம்பரில் ஒரு சோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

ஒக்ரோபர் நடுப்பகுதியில் குமிழிகள் தாமதிக்கத் தொடங்கின.

புளிப்பு எப்படியும் ஒருநாள் அடங்கும். ஈஸ்ட் பழத்தின் சீனியைத் தின்று தீர்க்கும். பிறகு சத்தம் நிற்கும். வைன் போடுகிற எவரும் காத்திருப்பது அந்த நாளுக்காகத்தான். அலெக்சிஸ் நொண்டிக்கொண்டே கீழே கடைக்குப் போய்ச் சீனிப் பைகளை வாங்கி வந்து கொட்டினான். பீப்பா உயிர்த்தது. அன்று மாலை இம்மாகுலேற் பாத்திரம் கழுவியபடி வாய்க்குள் பாடினாள். அவன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். சில நாட்களில் மறுபடியும் தாமதம். மறுபடியும் சீனி. மின்சாரப் போர்வையைச் சுற்றிக் கட்டினான். புது ஈஸ்ட் வாங்கப் போன இடத்தில், குமிழி குறைகிறது என்று அவன் சொன்னதைக் கேட்டுப் பிரெஞ்சுக் கடைக்காரர் சந்தோஷப்பட்டார். சாராயம் ஏறிவிட்டால் ஈஸ்ட் தானாகவே செத்துவிடும், இனி எதைப் போட்டாலும் பிடிக்காது, கவலைப்படாதீர்கள் மிஸ்யூ, உங்கள் வைன் தயார் என்றார்.

இம்மாகுலேற் வேலைக்குப் போவது நின்றது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே காத்திருந்தாள். முகத்தில் வலியில்லை, பதற்றமுமில்லை. அடுத்த மூச்சு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள், பஸ்ஸுக்கு நிற்பவளைப்போல. அவன் அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஒருநாள் அவளாகவே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, சமையலறைக் கதிரையை இழுத்து, பீப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். குமிழி. "நீங்கள் சொல்ல வேண்டாம்."

குளிர்கால நேரத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிய, ஒக்ரோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் பிழிவதென்று பேச்சு. பின்னேரமே இருண்டுவிட்டது. யாரும் வரவில்லை. றெமிஜியஸ் கட்டிலில் கிடந்தபடி அழைத்தான், யேசுரட்ணம் அண்ணையையும் இணைத்தான். அலெக்சிஸ் ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தான். அண்ணை இப்போது சிரிக்கவில்லை.

"தம்பி, இன்னும் கொஞ்சம் சீனி," என்றார். நீண்ட இடைவெளி. "போட்டுப் பாரன்."

போட்டாயிற்று. கட்டியாக அடியில் கிடக்கிறது.

குமிழி ஒன்று எழுந்தது. மூன்று மூச்சு. கீழே தெருவில் யாரோ பெரிதாகக் கதைத்துக்கொண்டு போனார்கள். சட்டியில் பருப்பு ஆறிப்போய்க் கிடந்தது. அலெக்சிஸ் அவள் கையைப் பிடித்திருந்தான். அது சில்லிட்டிருந்தது, பீப்பா சுட்டது.

இன்னொன்று. சின்னது.

"கையை," என்றாள்.

காத்திருந்தான்.

"விடாதேங்கோ."

அதற்குப் பிறகு குமிழி வரவில்லை. அவன் வளைகுழாயையே பார்த்தான். இத்தனை நாளும் தண்ணீரை வெளிப்பக்கமாகத்தான் பீப்பா தள்ளியிருந்தது. இப்போது தண்ணீர் அசைந்தது. நடுவில் வந்து நின்றது. பிறகு மறுபக்கம் ஏறியது. உள்நோக்கி.

பீப்பா மூச்சை இழுத்தது.

தொலைபேசியில் ஒரு பெருமூச்சு. அதற்கு மேல் இன்னொன்று. இரண்டும் முடியவில்லை. நீண்டுகொண்டே போயின, இரண்டு மனிதர்களுக்குள் இருக்கக்கூடிய காற்றுக்கும் மேலாக. மூடி உட்குழிந்தது. பக்கங்கள் நெளிந்தன. அலெக்சிஸ் குழாயைப் பிடுங்கி எறிந்தான். துளையில் உள்ளங்கையை வைத்து அடைத்தான். தோலைக் கவ்வி இழுத்தது. கையை எடுக்க முடியவில்லை. மற்றக் கையில் அவள் விரல்கள்.

மூன்றாவது பெருமூச்சு அவன் பக்கத்தில் கேட்டது.

அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. சட்டைக்குள் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. கன்னங்கள் போயின. அவள் விரல்கள் அவன் கைக்குள் மெலிந்துகொண்டே வந்தன, பிழிந்த தோலைப்போல, அவற்றின் நுனியிலிருந்து கறுப்பாக ஏதோ சொட்டியது. அவன் விடவில்லை. பீப்பா இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது.