கட்டுப் பிரிக்கும் கை

தன் பின்னந்தலையில் ஒரு கொத்து நரை இருப்பதை அன்று பிற்பகல்தான் அவள் முதன்முதலாகப் பார்த்தாள். கண்ணாடியில் அல்ல, மேலேயிருந்து. கீழே கட்டிலில் சீருடைகூட மாற்றாமல் குப்புறக் கிடந்ததும் அவளேதான்.

முதலில் பயப்படவில்லை. தீக்காய வார்டில் பதினோரு வருடமாகக் கட்டு மாற்றும் நர்ஸுக்கு இது பழகிய வித்தை. காயத்தோடு ஒட்டிப்போன துணியை உரிக்கும்போது நோயாளி கதறுவார். பாதியில் கை நின்றால் வேதனை இரட்டிப்பாகும். அதனால் கையை வேலையில் விட்டுவிட்டு அவள் மட்டும் கூரையோரம் ஒதுங்கிக்கொள்வாள். கதறல் எங்கோ தூரத்தில் கேட்கும். கை பாட்டுக்கு வேலையை முடித்துவிடும்.

மனநல மருத்துவர் எச்சரித்திருந்தார். "தூங்காம, பயத்தை முழுங்கி முழுங்கி வேலை செஞ்சா மனசு இப்படித் தள்ளி நிக்கப் பழகிடும்மா. லீவு போடுங்க."

லீவாவது மண்ணாவது! மூன்று நாளாக இரட்டை டியூட்டி.

'சரி, இறங்கு' என்று சொல்லிக்கொண்டாள். எப்போதும் ஒரே மூச்சில் இறங்கிவிடுவாள். இன்று முடியவில்லை. மின்விசிறி இறக்கையில் படிந்த தூசியின் வாடை, அடுத்த வீட்டில் யாரோ துணி துவைக்கும் சத்தம், திரைச்சீலை அசைய அசையச் சுவரில் நீண்டு சுருங்கும் நிழல் எல்லாம் துல்லியமாக இருந்தன. இறங்கும் வழி மட்டும் இல்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

அழைப்பு மணி அடித்தது. பள்ளி விட்டு மகள் வந்துவிட்டாள்.

கட்டிலில் கிடந்தது எழுந்தது. போய்க் கதவைத் திறந்தது.

"அம்மா, விளையாடறப்போ விழுந்துட்டேன். டீச்சர் பிளாஸ்திரி ஒட்டினாங்க."

முழங்காலில் இரண்டு விரல் அகலப் பிளாஸ்திரி. உடம்பு அதையே பார்த்தது. பிறகு சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்தது. மகளைத் தூக்கி மேஜைமேல் உட்காரவைத்தது.

'என் கண்ணே, ஓடிடு!' மேலேயிருந்து கத்தினாள். சத்தம் வரவில்லை. தொண்டை கீழே இருந்தது.

பிளாஸ்திரி கையோடு வந்துவிட்டது.

கை நிற்கவில்லை.

"அம்மா, அது தோலும்மா! அம்மா!"

"அவ்வளவுதான் கண்ணு, முடிஞ்சிடுச்சு." வார்டில் சொல்லும் அதே கனிவு.

இறங்கு. இறங்கு. கடவுளே, ஒரே ஒரு தடவை.

அலறல் சட்டென நின்றது. கீழே மகள் வெறித்த கண்களோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கை நிதானமாக உரித்துக்கொண்டே மேலே போனது.

கூரையோரம், அவளுக்கு வெகு அருகில், ஒரு சின்னக் குரல் கேட்டது.

"அம்மா, இங்க வலிக்கவே இல்லம்மா."