விதி பதினொன்று

பத்தாயிரம் தொழிலாளர்கள் திரண்டு நின்ற உப்பளத்துக்குக் காலைச் சாப்பாடாக ஒன்பது பொட்டலம் இட்லி வந்து இறங்கியது. அதிலும் ஒன்று மிஞ்சியது.

கதாநாயகன் அதிரூபன் வரவில்லை என்பதுதான் மிஞ்சியதற்குக் காரணம். ஒப்பந்தப்படி அவர் தன் நிழலை மட்டும் அனுப்பியிருந்தார். உடல் சுவிட்சர்லாந்தில் இளைத்துக்கொண்டிருந்தது. மீதி எட்டில் ஆறு இயக்குநர் விண்ணரசனுக்கும் அவருடைய ஆட்களுக்கும். இரண்டு கூட்டத்துக்கு, அதாவது எஸ்தருக்கும் வேதவல்லிக்கும்.

‘பெருந்திரள்’ நிறுவனத்தின் திரள்பொறி வந்த பிறகு கூட்டம் என்றால் இரண்டு பேர்தான். பழைய துணை நடிகர்கள் அத்தனை பேரின் முகமும் நடையும் அந்தப் பொறிக்குள் இருந்தன. அவற்றைக் கொண்டு அது எத்தனை ஆயிரம் நிழலாள்களை வேண்டுமானாலும் வார்த்துத் தரும். வெறும் இடத்தில் வார்த்தால் மட்டும் கொலு வைத்தது போல இருக்கிறது என்று ரசிகர்கள் சிரித்துவிட்டார்கள். அதனால் வெயில் தோலில் எப்படி விழுகிறது, வியர்வை முதலில் எங்கே துளிர்க்கிறது, முந்தானை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பொறி பார்த்துக்கொள்வதற்காக உயிருள்ளவர்கள் இரண்டு பேரை நிறுத்தினார்கள். அவர்களுக்கு வித்தாள் என்று பெயர். விதைநெல்லைப் போல என்று நிறுவனம் பெருமையாக விளக்கம் சொன்னது. விதைநெல்லைக் குதிரில் வைத்துக் காப்பார்கள். வித்தாளை வெயிலில் நிறுத்துவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

படத்தின் பெயர் ‘உறுமும் உப்பு’. உப்பளத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தைப் பற்றியது. சங்கம் என்பது தாய்மடி என்று அதில் மூன்று இடங்களில் வசனம் வந்தது. தான் ஒரு தொழிலாளியின் மகன் என்று பேட்டிதோறும் சொல்லும் விண்ணரசன், குளிரூட்டிய தளத்தில் விளக்கு வெயிலில் இந்தப் படத்தை எடுக்க மாட்டேன், உண்மையான வெயில்தான் வேண்டும் என்று அடம்பிடித்து மீஞ்சூருக்கு அப்பால் இந்த உப்பளத்தைப் பிடித்திருந்தார். அவருக்கு ஒரு கூடாரமும் இரண்டு மின்விசிறிகளும் போட்டிருந்தார்கள்.

எஸ்தருக்கு ஐம்பத்திரண்டு வயது. வேதவல்லிக்கு அறுபத்தொன்று. பத்தடி இடைவெளியில் ஆளுக்கொரு சுண்ணாம்பு வட்டம். வட்டத்தை விட்டு நகரக்கூடாது.

“எஸ்தரு, என் நிழலு போன வாரம் ராணிக்குத் தோழியா நின்னுச்சாம்டி. பன்னீர்லாம் தெளிச்சாங்களாம். எனக்கு இங்க ஒரு வாய் மோருக்கு வழியில்ல.”

“உன் நிழலுக்கு பி.பி. கிடையாதுக்கா. மாத்திரை போட்டியா?”

“அத போட்டா அடிக்கடி ஒதுங்கணும். இங்க எங்க ஒதுங்கறது? பத்தாயிரம் பேரு பாக்கறான்.”

எஸ்தர் சிரித்துவிட்டாள். கூடாரத்தின் பக்கம் லாரி உயரத்துக்கு நிறுத்தியிருந்த திரையில் அந்தப் பத்தாயிரம் பேரும் தெரிந்தார்கள். முன்வரிசையில் இருபத்தாறு வயது எஸ்தர், இடுப்பில் முந்தானையைச் செருகியபடி. பக்கத்தில் முப்பத்தைந்து வயது வேதவல்லி. நிறுவனம் எல்லாரையும் அவரவர் நல்ல வயதில்தான் வார்த்தது.

“சரி சரி, ஒத்திகையாம். கையத் தூக்கு,” என்றாள் வேதவல்லி. “உனக்குப் பழக்கமான வேலதான.”

எஸ்தர் கையைத் தூக்கினாள். நான்கு வருடமாக இந்த ஒரு குத்தலை மட்டும் வேதவல்லி விடவில்லை.

நான்கு வருடத்துக்கு முன் சாலிகிராமத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் துணை நடிகர் சங்கத்தின் கடைசிக் கூட்டம் நடந்தது. பெருந்திரள் நிறுவனத்து மேலாளர் ஒருவர் வந்து, இனி உங்கள் நிழல் உழைக்கும், நீங்கள் ஒவ்வொருவரும் தனி முதலாளி, முதலாளிக்கு எதற்குச் சங்கம் என்று கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் எல்லாருக்கும் பட்டது. சங்கத்தைக் கலைக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றதும் இரண்டாயிரத்துச் சொச்சம் கைகள் ஒரே வீச்சில் உயர்ந்தன. எஸ்தரின் கையும்தான். தூக்காதவர்கள் ஒன்பது பேர். வேதவல்லி கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

மண்டபத்தின் நாலு மூலையிலும் நிறுவனம் கேமரா வைத்திருந்தது பிற்பாடுதான் தெரிந்தது. அவ்வளவு இயல்பாக, அவ்வளவு ஒருமனதாக ஒரு கூட்டம் கை தூக்கியதை அதற்கு முன்னால் யாரும் படம் பிடித்ததில்லையாம். சுதந்திரப் போராட்டம் ஆனாலும் வேலைநிறுத்தம் ஆனாலும் திரள்பொறி இன்றுவரை போடுவது அந்தக் கைகளைத்தான். கை தூக்காத வேதவல்லியின் நிழலாள் எஸ்தரின் கையைக் கடன் வாங்கித் தூக்கும்.

சங்கம் போனதோடு அதன் விதிகளும் போயின. அதில் பதினொன்றாவது விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் சாந்தலிங்கம் என்ற துணை நடிகர் போர்க்களக் காட்சியில் வெயில் தாங்காமல் விழுந்தார். நன்றாக நடிக்கிறான் என்று மெச்சிக்கொண்டே எடுத்தார்கள். பிணமாக நடிப்பவர்களை எழுப்பியபோது அவர் ஒருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு எழுதிய விதி அது. கூட்டத்தில் ஒருவர் விழுந்தால் பார்த்தவர் “பதினொண்ணு” என்று குரல் கொடுக்க வேண்டும். உடனே எல்லாரும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். கடைசி ஆளும் உட்கார்ந்து, விழுந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து, வண்டியேற்றி அனுப்பிய பிறகுதான் எழுந்திருக்கலாம். கடைசி ஆளும் என்பதை அடிக்கோடிட்டிருந்தார்கள். நாலு பேர் நின்றாலும் போதும், அந்த நாலு பேரை வைத்து நெருக்கமாக ஒரு ஷாட் எடுத்துவிடும் சாமர்த்தியம் அந்தக் கால ஒளிப்பதிவாளர்களுக்கு இருந்தது.

தனி முதலாளிகளுக்கு அந்த விதி பொருந்தாது. அவர்களுக்கு இருப்பது அசைவுப் பிழை. காட்சி ஓடும்போது அதில் இல்லாத அசைவு எதையாவது வித்தாள் செய்தால் ஒரு பிழை. மூன்று பிழையானால் வேலைப் பட்டியலில் பெயர் இருக்காது. எஸ்தருக்கு ஏற்கெனவே இரண்டு. ஒன்று தும்மியதற்கு, ஒன்று ஈ ஓட்டியதற்கு.

வெயில் ஏறி, விண்ணரசன் எதிர்பார்த்த உண்மை உப்பில் பட்டு எல்லார் கண்ணையும் கூச வைத்தபோது காட்சி ஓடத் தொடங்கியது. திரையில் அதிரூபனின் நிழல் உப்பு மேட்டில் ஏறி நின்று கர்ஜித்தது. கூட்டம் கை உயர்த்தி “ஒன்றுபடுவோம்” என்று நான்கு முறை முழங்க வேண்டும்.

முதல் முழக்கத்தில் வேதவல்லியின் குரல் கேட்டது. இரண்டாவதில் கேட்கவில்லை. எஸ்தர் கடைக்கண்ணால் பார்த்தாள். கொடியிலிருந்து சேலை நழுவுவதைப் போலச் சத்தமில்லாமல் வேதவல்லி சரிந்து உப்பில் முகம் பதியக் கிடந்தாள்.

சொல்ல வேண்டிய சொல் எஸ்தரின் தொண்டை வரை வந்தது. வாய், “ஒன்றுபடுவோம்” என்றது.

அவள் கை மேலேயே இருந்தது. இன்னும் இரண்டு முழக்கம், நாற்பது விநாடி, இதோ முடிந்துவிடும், கட் சொன்னதும் ஓடிவிடலாம். மூன்றாவது முறையும் சொன்னாள். நான்காவது முறையும் சொன்னாள்.

அப்போதுதான் திரையைப் பார்த்தாள். வேதவல்லி விழுந்த இடத்தைச் சுற்றி நின்ற நிழலாள்கள் முதலில் உட்கார்ந்தார்கள். பிறகு அடுத்த வட்டம், அதற்கடுத்தது. காற்று புகுந்த நெற்பயிரைப் போலப் பத்தாயிரம் பேரும் கடைசி வரிசை வரை உட்கார்ந்தார்கள். இருபத்தாறு வயது எஸ்தர் முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் பிடிவாதத்தோடு உட்கார்ந்தாள். நின்றுகொண்டிருந்தது அதிரூபனின் நிழலும், சுண்ணாம்பு வட்டத்துக்குள் ஐம்பத்திரண்டு வயது எஸ்தரும்.

“கட். யாருய்யா அவங்கள உக்காரச் சொன்னது?” என்றார் விண்ணரசன்.

எஸ்தர் ஓடினாள். வேதவல்லியின் கன்னத்தில் உப்புப் பரல்கள் ஒட்டியிருந்தன. மூச்சு இருந்தது, ஆனால் யாரோ இரவல் கொடுத்ததைப் போல விட்டு விட்டு வந்தது. வண்டி வர இருபது நிமிடம் ஆயிற்று. கூட ஏறப்போன எஸ்தரை விண்ணரசன் தடுத்தார்.

“நீங்களும் போயிட்டா கூட்டமே இல்லம்மா. ஆஸ்பத்திரில எல்லாம் பாத்துக்குவாங்க. நான் பேசிட்டேன்.”

இரண்டு பிழைகள் எஸ்தரின் நினைவுக்கு வந்தன. அவள் ஏறவில்லை.

திரள்பொறியை இயக்கும் தமயந்தி அதை இரண்டு முறை அணைத்துப் போட்டாள். கூட்டம் இரண்டு முறையும் உட்கார்ந்தபடியே வந்தது. நோண்டிப் பார்த்ததில் காரணம் புரிந்தது. நிறுவனம் பொறிக்குப் பாடமாகக் கொடுத்ததில் முப்பது வருடப் படங்களின் வேண்டாத சுருள்களும் இருந்தன. யாராவது விழுந்து சங்கம் உட்கார்ந்தபோதெல்லாம் அணைக்க மறந்த கேமராக்கள் ஓடிக்கொண்டே இருந்திருக்கின்றன.

“அந்தப் பழக்கத்த மட்டும் வெட்டி எடு,” என்றார் விண்ணரசன்.

வெட்டினாள். கூட்டம் எழுந்து நின்றது. ஆனால் ஒருவர் கிழக்கே பார்த்தார், ஒருவர் மேற்கே பார்த்தார். முழக்கம் ஆளுக்கொரு நேரத்தில் வந்தது. தோள்கள் உரசிக்கொண்டும் யாரும் யார் பக்கத்திலும் இல்லை.

“என்னம்மா இது, பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி இருக்கு?”

“சார், இவங்கள கூட்டமா சேத்து வச்சிருந்ததே அதுதான் போல. அத எடுத்தா பத்தாயிரம் தனி ஆளுதான் இருக்காங்க.”

“தத்துவமெல்லாம் வேணாம். பழையபடி வையி. எழுப்பற வழியப் பாரு.”

இரண்டு மணி வாக்கில் தொலைபேசி வந்தது. வேதவல்லி வழியிலேயே இறந்துவிட்டாள்.

விண்ணரசன் தொப்பியைக் கழற்றினார். கலைக்காக உப்பிலேயே உயிரை விட்ட மாதரசி என்றார். படத்தின் தொடக்கத்தில் அவர் பெயரைப் போடுவோம், அவருடைய நிழல் என்றென்றும் நம்மோடு உழைக்கும் என்றார். இரண்டு நிமிட மௌனம் என்று அறிவித்துவிட்டுச் சூரியனைப் பார்த்தார். நாற்பதாவது விநாடியில் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

எஸ்தர் தன் வட்டத்தில் நின்றுகொண்டிருந்தாள். போகச் சொன்னவரும் இல்லை, உட்காரச் சொன்னவரும் இல்லை. பத்தடி தள்ளிக் காலியாக இருந்த சுண்ணாம்பு வட்டத்தில் ஒரு ரப்பர் செருப்பு கிடந்தது. காலையில் மாத்திரையைப் போட வைத்திருக்கலாம். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வண்டி வரவே இருபது நிமிடம் ஆனதில் நாற்பது விநாடி என்ன பெரிய வித்தியாசம் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். திரையில் உட்கார்ந்திருந்த இளம் எஸ்தர் அதை ஒப்புக்கொள்கிற மாதிரி தெரியவில்லை.

மூன்றரை மணிக்குத் தமயந்தி தயங்கித் தயங்கி வந்தாள். “சார், கண்டுபிடிச்சுட்டேன். எல்லாரும் உக்காந்து முடிச்சாத்தான் எந்திரிப்பாங்க. அதுதான் அவங்க கத்துக்கிட்டது. இன்னும் ஒருத்தருக்காகக் காத்துட்டிருக்காங்க.”

“யாருக்கு?”

தமயந்தி எஸ்தரைப் பார்த்தாள். கூடாரத்திலிருந்த ஆறு பேரும் பார்த்தார்கள்.

விண்ணரசன் கூடாரத்தை விட்டு அன்று முதன்முறையாக வெயிலுக்கு வந்தார். “அம்மா, ஒரே ஒரு உதவி. கொஞ்சம் உக்காருங்க. ஒரு நிமிஷம் போதும். இது அசைவுப் பிழையில சேராது, எழுதியே குடுத்துடறேன்.”

எழுதியும் கொடுத்தார். எஸ்தர் அந்தத் தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு வட்டத்துக்குள் உட்கார்ந்தாள். உப்பு இன்னும் சுட்டது. முறையான எழுத்துமூல அனுமதியோடு, நான்கு மணி நேரம் தாமதமாக, துணை நடிகர் சங்கத்தின் கடைசி உறுப்பினரும் உட்கார்ந்தார்.

திரையில் பத்தாயிரம் பேரும் எழுந்தார்கள். சேலையில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள். கைகள் ஒரே வீச்சில் உயர்ந்தன. இளம் எஸ்தருக்குப் பக்கத்தில் இளம் வேதவல்லியும் கை தூக்கினாள். இரண்டும் எஸ்தரின் கை.

“அப்பாடா,” என்றார் விண்ணரசன். “அம்மா, எந்திரிங்க. லைட் இருக்கும்போதே எடுத்துடலாம்.”

எஸ்தர் எழுந்திருக்கவில்லை. கால் மரத்துப்போயிருந்ததா, வேறு ஏதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் அந்த ரப்பர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எஸ்தரம்மா.”

திரையில் முன்வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். அதற்கடுத்த வரிசை. மறுபடி பத்தாயிரம் பேரும் உப்பளம் முழுக்க உட்கார்ந்தார்கள்.

“இப்ப என்ன கேடு வந்தது?”

“ஒருத்தங்க கீழ இருக்காங்க சார்,” என்றாள் தமயந்தி. “தண்ணி குடுக்கணும்.”

நான்கு வருடத்தில் முதல் தடவையாக ஓர் இயக்குநர் வித்தாளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். எஸ்தர் அதை வாங்கிப் பத்தடி தள்ளியிருந்த வட்டத்தின் பக்கம் உருட்டிவிட்டாள். தண்ணீர் போன வழியெல்லாம் உப்பு கரைந்தது. அவள் ஏதோ முணுமுணுத்தாள்.

“என்னம்மா? சத்தமா சொல்லுங்க.”

“பதினொண்ணு,” என்றாள் எஸ்தர்.

விண்ணரசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பதினொண்ணு அடிச்சு ரொம்ப நேரமாச்சும்மா,” என்றார்.